காலி லாரிதான் குதிக்கும்

சேந்தமங்கலம் தாண்டி காளப்பநாயக்கன்பட்டி போகும் வழியில், ரோட்டின் குறுக்கே தடித்த வெள்ளைக் கோடுகள் ஆறு இருக்கின்றன. வேகத்தடை அளவுக்கு உயரமில்லை. விரல் தடிமன் இருந்தால் அதிகம். என் வண்டியின் முன் ஷாக் சரியாக இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லும் கருவி இப்போதைக்கு அந்த ஆறு கோடுகள்தான்.

பிப்ரவரி மாதம் நடுவில் அந்தக் கோடுகள் கசக்க ஆரம்பித்தன. முதல் கோடு பரவாயில்லை. இரண்டாவது கொஞ்சம் தட்டும். ஐந்தாவது, ஆறாவது வரும்போது ஹேண்டில்பாரை யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி மணிக்கட்டில் இறங்கும். அதற்கு முந்தைய வாரம் வரை அப்படி இல்லை. சந்தேகமே இல்லை, ஏனென்றால் நான் வாரம் தவறினாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொல்லிமலை போகிறவள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியை என் கைகள் மனப்பாடமாக வைத்திருக்கின்றன.

என்னைப் பற்றி ஒரு தகவல் இங்கே தேவைப்படுகிறது. எடை 51 கிலோ. பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். வண்டி செகண்ட் ஹேண்டாக வாங்கியது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஷாக் கால்களைத்தான் ஃபோர்க் என்பார்கள். என்னுடையது யுஎஸ்டி ஃபோர்க், அதாவது தடித்த குழாய் மேலேயும் மெல்லிய பளபளப்பான குழாய் கீழேயும் இருக்கும் தலைகீழ் வகை. ஃபோர்க்கின் இடது காலின் மூடியில் கம்ப்ரஷன் திருகு (ஃபோர்க் அமுங்கும் வேகத்துக்கு), வலது காலில் ரீபவுண்ட் திருகு, இரண்டிலும் ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதற்கு. வாங்கும்போது இந்தத் திருகுகளைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, திருகு இருக்கிறதே என்று திருப்பினேன். இதுதான் முதல் தப்பு.

வீடியோக்களில் ஒருவர் விடாமல் சொல்வது இது: ஃபோர்க் துள்ளினால் ரீபவுண்டைக் கூட்டு. ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஃபோர்க் திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. எனக்குத் துள்ளுவது போலத்தான் தோன்றியது. நான்கு கிளிக் கூட்டினேன். வீட்டு வாசலில் ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி மெதுவாக எழுந்தது. ஆகா என்று கிளம்பினேன். ஆறு கோடுகளில் முன்பைவிட மோசம்.

ஏன் என்று யோசித்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். முதல் கோட்டில் ஃபோர்க் அமுங்குகிறது. அது முழுசாக நீளுவதற்குள் அடுத்த கோடு வந்துவிடுகிறது. கொஞ்சம் அமுங்கிய நிலையிலேயே அடுத்த அடியை வாங்குகிறது. மூன்றாவதில் இன்னும் கீழே. ஆறாவது கோட்டுக்கு ஃபோர்க்கில் மிச்சம் இருக்கும் நீளமே குறைவு, ஸ்பிரிங்கும் அங்கே இறுகியிருக்கிறது. ஆக, ரீபவுண்டை அதிகமாக மெதுவாக்கினால் வண்டி மெத்தென்று ஆகாது, கல்லாகிவிடும். வாசலில் ஒரே ஒரு முறை அமுக்கிப் பார்ப்பது இதைக் காட்டவே காட்டாது. கோடு ஆறு வேண்டும்.

நான்கு கிளிக்கைத் திருப்பினேன். கம்ப்ரஷனைக் குறைத்தேன். டயர் காற்றை இரண்டு பிஎஸ்ஐ இறக்கினேன். ஒவ்வொன்றிலும் ஏதோ மாறியது, எதுவும் சரியாகவில்லை. ஒரு நாளில் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு எது எதைச் செய்தது என்று தெரியாமல் நின்றேன். ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வறளக் கத்துகிறவள் நான்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஊர், பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் பிரேக்கைப் பிடித்து இரண்டு தடவை முன்னால் அமுக்கினார். "எல்லாம் கரெக்டா இருக்கு மேடம், இந்த வண்டி கொஞ்சம் ஹார்டாத்தான் இருக்கும்" என்றார். அப்புறம் என் பின்னால் நின்ற வீட்டுக்காரரிடம், "சார் ஓட்டும்போது எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவர் ஓட்டுவதே இல்லை. அவருக்கு ஸ்கூட்டர் போதும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். அப்பா நாமக்கல்லில் லாரி ஸ்பிரிங் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பட்டையைக் காய்ச்சி, வளைத்து, அடுக்கி, கட்டிக் கொடுத்த கை. பைக்கைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "லோடு ஏத்துன லாரி எங்க குதிக்குது? காலி லாரிதான் குதிக்கும். உன் எடைக்கு அந்த ஸ்பிரிங் காலி லாரிதான்."

அதுவரைக்கும் நான் திருகுகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் யாருக்காகச் செய்யப்பட்டது என்று யோசிக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு அளவுகோலை எடுத்தேன்.

அளக்க வேண்டியது சாக். ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்பது. ரோட்டில் ஓட்டும் பைக்குக்கு மொத்த நகர்வில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் நல்லது. அப்போதுதான் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே போக இடம் இருக்கும், மேடு வந்தால் மேலே வரவும் இடம் இருக்கும். என் ஃபோர்க்கின் நகர்வு 130 மி.மீ. ஆகவே 32-லிருந்து 43 வரை எதிர்பார்க்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க் முழுசாக நீண்டிருக்கும்போது வெளியே தெரியும் பளபளப்புக் குழாயை ஒருமுறை அளந்தேன். பிறகு ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு நான் ஏறி உட்கார, தம்பி அளந்தான், வீட்டுக்காரர் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு அளவு போதாது, இரண்டு எடுக்க வேண்டும். முதலில் ஃபோர்க்கை நன்றாக அமுக்கி, மெல்ல எழ விட்டு, அது நிற்கும் இடத்தில் ஒன்று. பிறகு ஹேண்டில்பாரைத் தூக்கி, மெல்ல இறங்க விட்டு, நிற்கும் இடத்தில் இன்னொன்று. உராய்வே இல்லாத ஃபோர்க் என்றால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். நிஜத்தில் நிற்காது. சீலும் (எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம்) புஷ்ஷும் (குழாய் வழுக்கி நகரும் உலோக வளையம்) குழாயைப் பிடித்திருக்கும் நிலை உராய்வு அந்த வித்தியாசமாகத் தெரியும். நல்ல ஃபோர்க்கில் இது 10 மி.மீ.க்கு உள்ளே இருக்கும்.

எனக்கு வந்தது 33, 15. சராசரி 24.

தம்பியைத் திட்டி இரண்டாவது முறை அளக்க வைத்தேன். 33, 15.

சராசரி 24 என்பது அப்பா சொன்ன காலி லாரி. ப்ரீலோடு திருகை முழுசாக வெளியே எடுத்துவிட்ட பிறகும் அவ்வளவுதான் இறங்குகிறது. அதை எதிர்பார்த்தேன். ஆனால் 18 மி.மீ. வித்தியாசத்தை எதிர்பார்க்கவில்லை. அதாவது ஃபோர்க் 18 மி.மீ. அகலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். விரல் தடிமன் கோட்டில் ஏறும்போது ஸ்பிரிங் வேலை செய்வதற்கு முன்னால் இந்த ஒட்டலை உடைத்தாக வேண்டும். உடையும் வரைக்கும் என் மணிக்கட்டுதான் ஷாக் அப்சார்பர். இதை எந்தத் திருகும் சரிசெய்யாது. திருகுகள் எண்ணெய் ஓடும் வழியைச் சுருக்கி விரிக்கும், அவ்வளவுதான். குழாய் புஷ்ஷில் உரசிக்கொண்டு நகராமல் நின்றால் எண்ணெய் ஓடவே ஓடாது.

இந்த உராய்வு டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கின், அதாவது குழாய்க்குள் குழாய் நுழையும் நம் ஃபோர்க்கின், பிறவிக் குணம். எண்ணெயால் துள்ளலை அடக்கும் ஹைட்ராலிக் டேம்பிங்கோடு இந்த வகை ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வண்டிகள் 1935-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்12, ஆர்17. அந்தக் கம்பெனியே 1955-இல் இதை விட்டுவிட்டு, சக்கரத்தை ஊசலாடும் கையில் மாட்டும் எர்ல்ஸ் ஃபோர்க்குக்குப் போய், 1969-இல் திரும்ப இதற்கே வந்து, 1993-இல் ஆர்1100ஆர்எஸ் வண்டியில் டெலிலீவர் என்று வேறொன்றைக் கொண்டுவந்தது. டெலிலீவரில் பிரேக்கின் விசையை ஒரு தனிக் கை வாங்கி எஞ்சின் பக்கம் கொடுத்துவிடும், ஸ்பிரிங்கும் டேம்பரும் தனியாக ஒரே ஷாக்கில் இருக்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அவ்வளவாகக் குனியாது. நம் சாதாரண ஃபோர்க்கிலோ, பிரேக் பிடித்ததும் குழாய்கள் பின்னோக்கி வளையப் பார்க்கும், புஷ் ஒரு பக்கமாக அழுந்தும், உராய்வு கூடும். எந்த நேரத்தில் ஃபோர்க் இலகுவாக நகர வேண்டுமோ அந்த நேரத்தில் இறுகும். இருந்தும் 90 வருஷமாக உலகம் இதையே ஓட்டுகிறது. விலை மலிவு, எடை குறைவு, கழற்றிப் பூட்ட எளிது. முன்டயர் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியும். கொல்லிமலையில் வளைவுக்கு முன் பிரேக் பிடித்து முன்பக்கம் குனியும்போது ஃபோர்க்கின் சாய்வு கொஞ்சம் நிமிர்ந்து வண்டி சட்டென்று திரும்புமே, அந்தச் சுகத்தை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திரும்ப என் 18-க்கு வருகிறேன். பிறவிக் குணம் என்றால் 6 அல்லது 8 இருக்கலாம். மீதி எங்கிருந்து வந்தது?

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். பழைய புல்லட்டுகள்தான் அவர் கடையில் அதிகம். நோட்டோடு போனேன். எண்களைக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை, அதற்கே மரியாதை கூடிவிட்டது. முதலில் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டில் குழி விழுந்திருந்தாலும் ஃபோர்க் கெட்டுப்போன மாதிரியே தெரியுமாம், பாதிப் பேர் அதைப் பார்க்காமல் ஷாக்கைப் பிரித்துவிடுவார்களாம். கோன் செட் நன்றாக இருந்தது. பிறகு ஆக்சில் பக்கம் குனிந்தவர் கேட்டார்:

"டயர் எப்ப மாத்துனீங்க டீச்சர்?"

நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரி 11. கோடுகள் கசக்கிறது என்று முதலில் எழுதியிருந்தது பிப்ரவரி 14.

இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. நான்கு மாதமாக.

அவர் ஒரு காலின் அடியில் ஆக்சிலைக் கவ்வியிருக்கும் இரண்டு பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தினார். "டக்" என்று ஒரு சத்தம். அந்தக் கால் தானாக ஆக்சில் மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. இரண்டு மி.மீ. இருக்கும், அவ்வளவுதான். என் வயிற்றில் ஏதோ அதைவிட அதிகமாக நகர்ந்தது.

விஷயம் இதுதான். முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ஆக்சிலை முதலில் முறுக்க வேண்டும். பிஞ்ச் போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை ஐந்தாறு தடவை நன்றாக அமுக்க வேண்டும். அப்போது இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாகத் தாமே ஒரு இடத்தைத் தேடிக்கொள்ளும். அதற்கு அப்புறம்தான் பிஞ்ச் போல்ட்டை முறுக்க வேண்டும், அதுவும் கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்). டயர் கடைத் தம்பி அவசரத்தில் எல்லாவற்றையும் சக்கரம் காற்றில் இருக்கும்போதே முறுக்கிவிட்டிருந்தான். கால்கள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டே நான்கு மாதம் ஓடியிருக்கின்றன. அவனைக் குறை சொல்ல மனமில்லை. பணம் கொடுக்கும்போது நான் அங்கேதான் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே திரும்ப அளந்தோம். 27, 21. சராசரி அதே 24, வித்தியாசம் மட்டும் ஆறு. இவ்வளவு சுத்தமான விடை எங்கள் பள்ளி ஆய்வகத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து அந்தக் காலின் பளபளப்புக் குழாயில் ஒரு எண்ணெய் வளையம் தெரிந்தது. துடைத்தேன், அடுத்த நாள் திரும்ப வந்தது.

சீல் ஒழுகுவது எல்லாமே சீல் கிழிந்ததால் அல்ல. காய்ந்த சேற்றுத் துகளோ பூச்சியோ சீலின் உதட்டில் மாட்டிக்கொண்டாலும் ஒழுகும். தூசி சீலை இறக்கிவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக்கில் கொக்கி போல வெட்டி உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினால் அழுக்கு வந்துவிடும். அப்பாவின் முழங்கால் எக்ஸ்ரே பிலிமில் ஒரு ஓரத்தை வெட்டினேன். மணல் மாதிரி கொஞ்சம் வந்தது. இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் வளையம்.

யுஎஸ்டி ஃபோர்க்கில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய வகையில் சீல் மேல்பக்கம் இருக்கும், எண்ணெய் அடியில் இருக்கும், கசிவு மெதுவாக இருக்கும். அப்போதெல்லாம் குழாய்க்கு மேல் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறையும் போட்டிருப்பார்கள். இந்தத் தலைகீழ் வகையில் எண்ணெய் சீலின் மேல்தான் நிற்கிறது. சீல் விட்டுக்கொடுத்தால் வழிந்து நேரே கீழே, பிரேக் காலிப்பரை நோக்கி. பளபளப்புக் குழாயும் டயருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கல்லும் சேறும் அதன் மேல்தான். பார்க்க அழகு, வளைந்து கொடுக்காத உறுதி, எல்லாம் உண்மை. ஆனால் மழையில் ஓட்டிவிட்டு வந்து அந்தக் குழாயை ஈரத் துணியால் துடைக்காத ஆளுக்கு இது சரிப்படாது. என் ஒழுகல் டிஸ்க் பக்கத்துக் காலில் இருந்தது. பேடில் படுவதற்கு நான்கு விரல் தூரத்தில் நின்றிருந்தது.

பிரித்தபோது புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பித்தளை நிறம் தெரிந்தது. நான்கு மாதக் கிள்ளலின் கைநாட்டு. சீல், புஷ், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 3,400. எண்ணெய் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: டப்பாவில் போட்டிருக்கும் 10டபிள்யூ என்ற எண்ணை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 7.5 அளவுக்கு நீர்த்ததாக இருக்கலாம். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் பாகுத்தன்மையை அளக்கும் அலகு) என்று விவரத் தாளில் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். எண்ணெயின் மட்டமும் முக்கியம். மேலே உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். 10 மி.மீ. கூடுதலாக ஊற்றினால் ஃபோர்க்கின் கடைசிப் பகுதி இறுகிவிடும்.

ஃபோர்க்கைப் பிரித்திருக்கிறோம், ஸ்பிரிங் கையில் இருக்கிறது. விடுவேனா? பக்கத்து லேத் பட்டறையில் டிரில்லிங் மெஷினுக்கு அடியில் எங்கள் வீட்டு எடை மெஷினை வைத்து, அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, 10 மி.மீ. அமுக்கினோம். 9 கிலோ ஏறியது. அதாவது மி.மீ.க்கு 0.9 கிலோ. என்னைவிட முப்பது கிலோ கனமான ஆளுக்கு அளவான ஸ்பிரிங். லேத்காரர் இது எதற்கு என்று கேட்கவே இல்லை. நாமக்கல்லில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்ப்பவரை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

இதைவிட மெல்லிய ஸ்பிரிங் இங்கே கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் குழாய்த் துண்டில் 8 மி.மீ. வெட்டி எடுத்தோம். இதனால் ஸ்பிரிங் மென்மையாகிவிடாது. ப்ரீலோடு கூட்டினால் ஷாக் கடினமாகும், குறைத்தால் மென்மையாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். ப்ரீலோடு மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தைத்தான். ஆனால் எனக்கு வேண்டியதும் அதுதான், பள்ளத்தில் சக்கரம் இறங்க இடம். மாட்டி அளந்தால் சராசரி 32. 32-43 என்ற வரம்பின் கீழ் எல்லையில் சரியாக உட்கார்ந்தது. ரீபவுண்ட், கம்ப்ரஷன் இரண்டையும் நடுவில் வைத்தேன். அதற்கப்புறம் அந்தத் திருகுகளைத் தொடவில்லை. அந்த சனிக்கிழமை கோடுகள் ஆறும் ஒரே சத்தத்தில் கடந்தன. மேலே சோளக்காடு சந்தையில் மிளகு வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு பலாப்பழமும் கட்டிக்கொண்டு இறங்கினேன். 70 வளைவுகளும் பிரேக்கில்தான். கை வலிக்கவில்லை.

போன வாரம் தம்பி வண்டியை இரவல் கேட்டான். அவன் 82 கிலோ. சேலம் போய்விட்டு வந்து, "என்னக்கா இது, பிரேக் பிடிச்சா மூக்கு தரையில இடிக்குது, சொதசொதன்னு கெடக்குது, ஷாக்கைக் கெடுத்து வச்சிருக்க" என்றான். அளந்து பார்த்தோம், 40. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் அவனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ப்ரீலோடு திருகையும் எத்தனை சுற்று உள்ளே திருப்ப வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மறக்காமல் பழையபடி வைத்துவிடு என்றும் எழுதியிருந்தேன்.

வைக்கவில்லை. இன்று காலை இரண்டாவது கோட்டிலேயே தெரிந்துவிட்டது.